அரை மில்லிமீட்டர் பயம்

ஒரே மாதத்தில் நான்கு பேர் என்னிடம் இதையே சொல்லிவிட்டார்கள்: "எஸ்எம்டி ஐசியைக் கையால பத்தவைக்க முடியாதுங்க சார். அதுக்கு மெஷின் வேணும்." எஸ்எம்டி என்றால் துளையில் சொருகாமல் போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் வகை. நான்கு பேருக்குமே சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும். சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்டும் ஆசையும் உண்டு. கடைசியாகச் சொன்னவன் கோவையில் மூன்றாம் ஆண்டு இன்ஜினியரிங் படிக்கும் பையன். இசட்80 வைத்து எட்டு பிட் கம்ப்யூட்டர் ஒன்றைத் தன் கையால் கட்டவேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் கனவு. 1976-இல் வந்த அந்த ஐசியின் தயாரிப்பை நிறுத்தப்போவதாக சைலாக் நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. கடைசி ஆர்டருக்கு ஜூன் 14 வரை கெடு. அதன்பின் பையன் புத்திசாலித்தனமாக யோசித்திருக்கிறான். அதே வம்சத்தில் வந்த, இசட்80-க்கு எழுதிய நிரல்களை ஓட்டக்கூடிய, இன்னும் விற்பனையில் இருக்கும் இஇசட்80-ஐ வாங்கிவிட்டான். நூறு கால் ஐசி. வாங்கிய கையோடு கடைக்காரரிடம் காட்டியிருக்கிறான். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது கைவேலை இல்ல தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆறு மாதமாக அது ஆன்டி ஸ்டாட்டிக் கவரோடு பீரோவில் கிடந்தது.

எனக்குக் கோபம் வருவது இந்த ஆறு மாதத்தை நினைத்துத்தான். யாரோ ஒருவர் முயன்று பார்க்காமலேயே சொன்ன ஒரு வார்த்தை, ஒரு பையனின் ஆறு மாதத்தைத் தின்றுவிட்டது.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். பழைய டிப் ஐசியில் ஒரு காலின் மையத்திலிருந்து அடுத்த காலின் மையம் வரை 2.54 மி.மீ. எஸ்ஓஐசி வகையில் அதில் பாதி, 1.27. டிஎஸ்எஸ்ஓபி-யில் 0.65. அந்தப் பையன் கையிலிருந்த நூறு கால் ஐசியில் 0.5. காலின் அகலம் ஏறக்குறைய 0.22 மி.மீ., மீதி 0.28 மி.மீ. வெற்றிடம். இந்த எண்ணைப் பார்த்ததும், அயர்னின் முனையில் ஊசிபோன்ற பிட்டை மாட்டி ஒவ்வொரு காலாகத் தொட்டு, பக்கத்துக் காலில் படாமல் ஈயம் வைக்கவேண்டும் என்று எல்லோரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். அப்படிச் செய்வதாக இருந்தால் முடியாதுதான், என்னாலும் முடியாது. ஆனால் அப்படி யார் செய்யச் சொன்னது?

உருகிய ஈயத்துக்குப் பரப்பு இழுவிசை தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகம். சுத்தமான செம்பையும் வெள்ளீயம் பூசிய காலையும் கண்டால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். போர்டின் மேலிருக்கும் பச்சைப் பூச்சைக் கண்டால் தாமரை இலைத் தண்ணீர்போல விலகி உருண்டுவிடும். கால்கள் ஒட்டவேண்டிய செம்புத் துண்டுகளான பேடுகளுக்கு இடையில் அந்தப் பச்சைப் பூச்சு இருக்கிறது. எனவே எங்கே போகவேண்டும், எங்கே போகக்கூடாது என்று ஈயத்துக்கே தெரியும். நம் வேலை அதற்கு வேண்டிய சூட்டைத் தருவதும், உலோகத்தின்மேல் படிந்த ஆக்சைடை நீக்குவதும்தான். ஆக்சைடை நீக்குவது ஃபிளக்ஸ். எஸ்எம்டி வேலையில் பாதிக்குமேல் அதுதான் செய்கிறது.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். பேடுகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ஐசியைப் போர்டின்மேல் வைத்து நான்கு பக்கமும் கால்கள் பேடின்மேல் நேராக உட்காரும்வரை நகர்த்துங்கள். முதல் காலின் புள்ளி சரியான மூலையில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். ஒரு விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு, பிட்டில் துளி ஈயம் எடுத்து ஒரு மூலையில் மட்டும் தொடுங்கள். பூதக்கண்ணாடி வைத்து நான்கு பக்கத்தையும் மறுபடி பாருங்கள். கோணியிருந்தால் அந்த ஒரு மூலையை உருக்கித் திருத்துங்கள். பத்துமுறை ஆனாலும் பரவாயில்லை. திருப்தியானபின் எதிர் மூலையைப் பிடியுங்கள். இவ்வளவுதான் கை நடுங்கக்கூடாத கட்டம். அதுவும் அவசரமில்லாத கட்டம்.

பிறகு நான்கு பக்கமும் ஃபிளக்ஸைத் தாராளமாகப் பூசுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம். 2 அல்லது 3 மி.மீ. அகலமுள்ள, கத்திபோன்ற அல்லது சாய்வாக வெட்டிய பிட்டில் கொஞ்சம் ஈயம் ஏற்றி, 330 டிகிரி செல்சியஸ் அளவில், வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். பிட் ஒரே சமயத்தில் ஐந்தாறு கால்களின்மேல் படும். படட்டும். ஒவ்வொரு காலும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சம் பிட்டோடு வரும். கடைசி இரண்டு மூன்று கால்களில் பாலம் கட்டியிருந்தால், இன்னும் கொஞ்சம் ஃபிளக்ஸ் போட்டு, சுத்தமாகத் துடைத்த பிட்டைக் கால்களின் வெளிப்பக்கமாக இழுங்கள். அதற்கும் மசியாவிட்டால் செம்புப் பின்னல் விக் இருக்கிறது. நூறு காலுக்கும் சேர்த்து, பழகாத கைக்கு முக்கால் மணி நேரம். பழகிய கைக்குப் பத்து நிமிடம்.

23 ஆண்டுகளாக மில் இயந்திரங்களின் கன்ட்ரோல் கார்டுகளை ரிப்பேர் செய்கிறேன். பிராசஸர் மாற்றுவது, ஃபிளாஷ் மாற்றுவது எல்லாம் மேசையில், இந்த இரண்டு கையால்தான். இதற்கென்று நான் ஒரு மெஷின் வாங்கியதில்லை. என் சொல் வேண்டாம் என்றால் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள மொபைல் ரிப்பேர் கடைக்குப் போய் நில்லுங்கள். மணல் பருமனில் இருக்கும் கெபாசிட்டரை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து எடுத்து மாற்றிக்கொண்டிருப்பார் ஒருவர். பெரும்பாலும் பட்டம் படிக்காதவர். அவர் செய்வதோடு ஒப்பிட்டால் நம் நூறு கால் ஐசி மாட்டு வண்டிச் சக்கரம்.

அப்படியென்றால் முயன்று தோற்றவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. தோற்கத்தான் செய்தார்கள். எதனால் தோற்றார்கள் என்று பாருங்கள். முதலாவது, ஊசிப் பிட். சின்ன வேலைக்குச் சின்ன பிட் என்று கடையில் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஊசி முனைக்குச் சூட்டைக் கடத்தும் பரப்பே கிடையாது. ஈயம் முனையில் நிற்காமல் மேலே ஏறிக்கொள்ளும். சூடு போதவில்லை என்று வெப்பத்தை 420-க்கு ஏற்றுவார்கள்; பேட் பெயர்ந்து வந்துவிடும். இரண்டாவது, தனி ஃபிளக்ஸ் இல்லாமல் கம்பிக்குள் இருக்கும் ஃபிளக்ஸையே நம்புவது. அது நாலைந்து கால் போவதற்குள் புகைந்து தீர்ந்துவிடும். அதன்பின் ஈயம் ஜவ்வுபோல இழுபடும், கூர்கூராக நிற்கும், பாலம் பாலமாகக் கட்டும். அந்த நிலையைப் பார்த்தவர்தான் "கையால் முடியாது" என்று ஊரெல்லாம் சொல்கிறார். மூன்றாவது, டப்பா பேஸ்ட். மூடியில் பெயர் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதியிருக்காது. தகரம் ஒட்டுகிறவர்களுக்கான துத்தநாகக் குளோரைடு பேஸ்டை எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்பதை நானே பார்த்திருக்கிறேன். அது ஈரத்தை உறிஞ்சும், செம்பை அரிக்கும், 0.28 மி.மீ. இடைவெளியில் மின்கசிவை உண்டாக்கும். அன்றைக்கு வேலை செய்யும். அடுத்த மழைக்காலத்தில் போர்டு போய்விடும். ரோசின் வகை ஜெல் ஃபிளக்ஸ் கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லையா, ரோசின் கட்டியைப் பொடித்து ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கரைத்துக்கொள்ளுங்கள். அதுவே போதும்.

ஈயக் கம்பியிலும் கவனம் வேண்டும். வெள்ளீயம் 63, காரீயம் 37 என்ற கலவை 183 டிகிரியில் சட்டென்று உருகி, சட்டென்று உறையும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. காரீயம் இல்லாத, வெள்ளி, செம்பு கலந்த கம்பி 217-க்கு மேல்தான் உருகும், ஓட்டமும் மந்தம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2006 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்ததால் தொழிற்சாலைகள் அதற்கு மாறின. வீட்டில் ஒரு போர்டு கட்டுகிறவர் முதல் நாளே அதனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கையால் முடியாதவையும் உண்டு, அதையும் சொல்லியாகவேண்டும். கால்களே இல்லாமல் அடிவயிற்றில் ஈய உருண்டைகளோடு வரும் பிஜிஏ ஐசியை அயர்னால் தொடவே முடியாது. க்யூஎஃப்என் வகையின் ஓரங்களை ஃபிளக்ஸின் உதவியால் ஒட்டிவிடலாம். நடுவில் அடியிலிருக்கும் பெரிய பேடுக்குச் சூடான காற்று வேண்டும், அல்லது போர்டில் அந்த இடத்தில் பெரிய துளை விட்டுப் பின்பக்கத்திலிருந்து ஈயம் ஊட்டவேண்டும். போர்டை வடிவமைக்கும்போதே இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எட்டு பிட் கம்ப்யூட்டருக்கு வேண்டிய எல்லாமே கால் வைத்த ஐசிகளில் கிடைக்கின்றன. கிகேட் மென்பொருளில் ரெசிஸ்டர், கெபாசிட்டருக்குக் கையால் பற்றவைப்பவர்களுக்கென்றே பேட் நீட்டி வரைந்த வடிவங்கள் தனியாக உண்டு. அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிட் ஊன்ற இடம் கிடைக்கும்.

அடுத்த நம்பிக்கை: "எஸ்எம்டி போட்டால் அது ரெட்ரோ இல்லை." இதைப் பெருமையோடு வேறு சொல்கிறார்கள். போர்டின் மேற்பரப்பில் ஒட்டும் தட்டை ஐசி உறை 1962-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் உருவானது. நாம் கும்பிடும் டிப் உறை ஃபேர்சைல்டில் உருவானது 1964-இல். எது பழசு? நிலவுக்குப் போன அப்பல்லோவின் வழிகாட்டிக் கணினியில் இருந்ததும் தட்டை உறைதான். 1989-இல் வந்த கேம்பாய்க்குள் இருந்த பிராசஸர் நாலு பக்கமும் கால் வைத்த எஸ்எம்டி. 1992-இல் வந்த அமிகா 1200-இன் பிராசஸரும் அப்படியே. அந்த அமிகாவின் எஸ்எம்டி மின்பகுளிக் கெபாசிட்டர்கள் வயதாகி ஒழுகிப் போர்டை அரிக்கின்றன. அதைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இன்றைக்கு எஸ்எம்டி வேலை கற்றுக்கொண்டே ஆகவேண்டும்.

"சூட்டில் ஐசி செத்துப்போகும்" என்பது இன்னொன்று. தொழிற்சாலை அடுப்பில் இதே ஐசி முழு உடம்போடு 245 டிகிரி அளவில் வெந்துதான் வெளியே வருகிறது. நீங்கள் ஒரு காலை இரண்டு நொடி தொடுவதால் அது சாகாது. ஒரே இடத்தில் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் முதலில் சாவது போர்டின் பேட்தான். எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கில் அயர்னைச் சொருகுவதுதான் ஐசிக்கு நிஜமான ஆபத்து. பிளக்கைப் பாருங்கள், சுவரில் இருக்கும் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

"ஈயப் புகை ஆளைக் கொல்லும்" என்றும் பயப்படுகிறார்கள். காரீயம் கொதிப்பது 1,749 டிகிரியில். உங்கள் அயர்னில் அது ஆவியாகாது. நீங்கள் பார்க்கும் புகை ரோசினுடையது. அது மூச்சுக் குழாய்க்குக் கெடுதல், ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது, எனவே முகத்திலிருந்து புகையை விலக்க ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். காரீயம் உடம்புக்குள் போகும் வழி கை. ஒரு கையில் கம்பியும் மறு கையில் வடையுமாக வேலை செய்யாதீர்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அடாப்டரைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லவேண்டியிருக்கிறது. "எந்த எஸ்எம்டியையும் அடாப்டரில் ஒட்டினால் டிப் ஆகிவிடும், அப்படியே சாக்கெட்டில் சொருகலாம்" என்று நம்புகிறார்கள். காலின் இடைவெளியைத்தான் அடாப்டர் மாற்றும். மின்னழுத்தத்தை மாற்றாது, கால்களின் வரிசையை உங்கள் சாக்கெட்டுக்கு ஏற்றபடி மாற்றாது. எஸ்எஸ்டி 39எஸ்எஃப்040 என்ற ஃபிளாஷ் 5 வோல்ட்டுக்கானது. 39விஎஃப்040 என்பது 3.6 வோல்ட்டைத் தாண்டக்கூடாதது. ஒரே அளவு, ஒரே உறை, ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். 5 வோல்ட் போர்டில் இரண்டாவதைச் சொருகிவிட்டு, "சால்டரிங் சூட்டில் செத்துப்போச்சு" என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. 3.3 வோல்ட் ஐசியின் வெளியீட்டை 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சி ஐசிக்குக் கொடுத்தால், அது 'ஒன்று' என்று ஏற்க 3.5 வோல்ட் கேட்கும்; உங்களிடம் இருப்பது 3.3. சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. 74எச்சிடி போடுங்கள், அதற்கு 2 வோல்ட் போதும்.

அடாப்டரின் அடியில் சொருகும் பின் வரிசையும் முக்கியம். கடையில் மலிவாகக் கிடைக்கும் சதுரப் பின் 0.64 மி.மீ. தடிமன். அதை டிப் சாக்கெட்டில் அழுத்திச் சொருகினால் சாக்கெட்டின் உள்நாக்கு விரிந்துவிடும். பிறகு அங்கே சாதாரண ஐசி போட்டால் தொடுகை இருக்காது. மெல்லிய உருண்டைப் பின் வரிசை கேளுங்கள். 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை அடாப்டரின்மேலேயே, ஐசியின் பவர் காலை ஒட்டி வையுங்கள். கீழே மெயின் போர்டில் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், அங்கிருந்து ஐசிவரை உள்ள தூரமே தொல்லை கொடுக்கும். பிஎல்சிசி உறைக்கு முதல் கால் மூலையில் இல்லை, ஒரு பக்கத்தின் நடுவில் இருக்கிறது. அடாப்டரில் அச்சிட்ட எண்களை நம்பாமல் மல்டிமீட்டரின் பீப் ஒலியால் ஒவ்வொரு காலையும் சரிபாருங்கள். சரிபார்க்கும்போது ஐசியின் காலை மீட்டர் முனையால் அழுத்தாதீர்கள். ஒட்டாத கால்கூட அழுத்தத்தில் பேடைத் தொட்டு பீப் அடித்து ஏமாற்றும். காலின் தோள்பட்டையில் மெல்லத் தொடவேண்டும்.

இவ்வளவையும் யார் சொல்லித்தருவது? என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் லேபில் துளைப் போர்டில் ரெசிஸ்டரும் டிரான்சிஸ்டரும் மட்டுமே பற்றவைத்தவர்கள். எஸ்எம்டி போர்டைக் கையால் தொட்டதே இல்லை என்கிறார்கள். அவர்கள் பையில் இருக்கும் போனில் டிப் ஐசி ஒன்றுகூட இல்லை. லேபில் கேட்டால் புதுச் சாமான் வாங்கப் பணம் இல்லை என்பார்கள். பணமே வேண்டாம். செத்த போர்டுகள் எல்லா ஊரிலும் எடைக்குப் போகின்றன: பழைய செட்டாப் பாக்ஸ், மோடம், கம்ப்யூட்டர் மதர்போர்டு. ஒவ்வொரு பாலிடெக்னிக் லேபிலும் ஒரு பெட்டி நிறைய இவற்றை வாங்கி வையுங்கள். ஐசியைக் கழற்றச் சொல்லுங்கள், பேடைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், திரும்பப் பற்றவைக்கச் சொல்லுங்கள். போர்டு ஏற்கெனவே செத்ததுதான், பயப்பட ஒன்றுமில்லை. மில்களில் எடைக்குப் போடும் கார்டுகளை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது லேப் பொறுப்பாளர் வந்து கேட்டால் மூட்டையாகத் தரத் தயார். இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் வரவில்லை.

அந்தப் பையனுக்கும் முதலில் ஒரு செத்த மோடம் போர்டைத்தான் கொடுத்தேன். அதிலிருந்த ஐசியை மூன்று ஞாயிற்றுக்கிழமை கழற்றினான், ஒட்டினான், கழற்றினான். இரண்டு பேட் பெயர்ந்தது. மூன்றாவது வாரம் வரிசை முழுவதும் ஒரே இழுப்பில் வந்தபோது அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டுச் சற்றுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவது வாரம் பீரோவிலிருந்து இஇசட்80 வந்தது. மூலையைச் சரிசெய்ய இருபது நிமிடம் எடுத்துக்கொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை. நான்கு பக்கமும் முடிந்து, ஆல்கஹாலில் கழுவி, பூதக்கண்ணாடிக்கு அடியில் ஊசி முனையால் கால்களை ஒவ்வொன்றாக மெல்லத் தள்ளிப் பார்த்ததில் மூன்றாம் பக்கத்தில் ஒரு கால் ஆடியது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பாலம் இருந்தது. ஆடிய காலுக்கு ஃபிளக்ஸ் வைத்துத் தொட்டான், பாலத்துக்கு விக் வைத்து எடுத்தான். பவர் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மீட்டர் பீப் அடிக்கவில்லை. வரும் ஞாயிறு நினைவக ஐசியான எஸ்ராமை ஒட்டவேண்டும்.